பிரகாசியின் கை

நான் மயக்க டாக்டர். பவளத்துறை அரசு மருத்துவமனையில் இருபது வருடம் ஆட்களைத் தூங்க வைத்து எழுப்பியவன். பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் சர்ஜனுக்குச் சால்வை போடுவார்கள். நர்ஸுக்கு ஸ்வீட் டப்பா கொடுப்பார்கள். தள்ளுவண்டி தள்ளியவருக்குக்கூட டீ வாங்கித் தருவார்கள். என்னைப் பஸ்ஸில் பார்த்தால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்பார்கள். அவர்கள் என் முகத்தைப் பார்த்ததே கண் செருகும் நேரத்தில்தான், அதுவும் பாதி. பேச்சிமுத்து என்ற என் பெயர் ஒரு கதவில் எழுதியிருந்தது. அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடித்தவன் அதையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனான். நானும் கேட்கவில்லை.

ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் எல்லாருக்கும் முகமூடி. எனக்குக் கண்ணெதிரே தெரிவது கைகள் மட்டும்தான். யார் அவசரக்காரர், யார் பயந்தாங்கொள்ளி, யார் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இதையே செய்ய ஒரு மிஷின் வந்தது. வடுமானி என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன இஸ்திரிப் பெட்டி அளவுக்கு இருக்கும். அடியில் நீல வெளிச்சம். அதை விளக்க வந்த இன்ஜினீயர் பையன் சர்ஜன்களையும் நர்ஸுகளையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தான்.

"மேல வடு மங்கிடும் டாக்டர். தோலுக்கு அடியில ஊசி போன வழி மங்காது. எந்தச் சாய்வுல குத்துனாங்க, நூலை எவ்வளவு இறுக்குனாங்க, முடிச்சை எந்தப் பக்கம் திருப்புனாங்க, எல்லாம் உள்ள அப்படியே இருக்கும். எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் இந்த வெளிச்சத்துல படிச்சு, இது இன்னார் கைன்னு சொல்லிடும்."

தியேட்டர் நர்ஸ் ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப இது கைஜோசியர்னு சொல்லுங்க தம்பி. எதுக்கு வாய்ல நுழையாத பேரு?"

அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயர்தான். வேலையைத் திருத்தத்தான் அது வந்தது என்றார்கள், நம்பினோம். சர்ஜன்கள் எல்லாரும் ரப்பர் தோலில் தைத்துக் காட்டித் தங்கள் கையைப் பதிந்துகொண்டார்கள். யார் கட்டாயப்படுத்தினார்கள்? யாருமில்லை. மாதா மாதம் நல்ல கைக்கு நோட்டீஸ் போர்டில் போட்டோ போட்டார்கள். அதற்காக அடித்துக்கொண்டார்கள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! நானும் பதியப் போனேன். "நீங்க தைக்கிறதில்லையே சார், உங்களுக்கு எதுக்கு?" என்று அந்தப் பையன் திருப்பி அனுப்பிவிட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது.

போர்டில் மாறாமல் இருந்த போட்டோ டாக்டர் பிரகாசி பர்னாந்துடையது. எங்கள் ஊர்க் கடற்கரைத் தெருப் பெண். இடது கைக்காரி. எல்லாரும் தன்னிடமிருந்து தள்ளி ஊசியை ஓட்டினால் அவள் தன்னை நோக்கி இழுப்பாள். நூலை உருவுமுன் மணிக்கட்டை லேசாக ஒரு குலுக்குக் குலுக்குவாள். மூன்றாவது முடிச்சை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடுவாள். அந்தத் தையலைப் பார்க்க எனக்கு அலுத்ததே கிடையாது. ஆறு வருடத்துக்கு முன்னால் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். போட்டோவும் போர்டை விட்டு இறங்கியது.

அப்புறம் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தனியாரிடம் கொடுத்து, ஊருக்கு வரும் குழாயைப் பாதியாக அடைத்தார்கள். குடத்தோடு போன கூட்டம் ஆலை வாசலில் நின்றது. கல் பறந்தது என்றார்கள். முதலில் பறந்தது எது என்று இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. துப்பாக்கி பறக்கவில்லை, குறி பார்த்துத்தான் சுட்டது.

அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்தவர் டாக்டர் ஜோசுவா. வந்தவர்களைத் தைத்தார். டாக்டர் வேறு என்ன செய்வார்? மறு வாரம் அவசரச் சட்டம் வந்தது. கலகத்தில் காயம்பட்டவருக்குத் தகவல் சொல்லாமல் வைத்தியம் பார்ப்பவரும் கலகக்காரரே என்று அதில் இருந்தது. சட்டம் முன்தேதியிட்டு வந்தது. ஊரெங்கும் செக்போஸ்ட். ஆண்கள் சட்டையைத் தூக்க வேண்டும், பெண்கள் ஜாக்கெட் கையைச் சுருட்ட வேண்டும். வடு இருந்தால் கைஜோசியரை வைத்துப் பார்ப்பார்கள். நாங்கள் போட்டி போட்டுப் பதிந்த கைகள் எல்லாம் அதற்குள் போயிருந்தன.

ஜோசுவாவைக் கேன்டீனில் வைத்துப் பிடித்தார்கள். பாதி வடை தட்டில் இருந்தது. "சாப்பிட்டுட்டு வரேனே" என்றார். "வந்து சாப்பிடலாம் டாக்டர்" என்றார்கள். அவர் வரவில்லை. அவர் மனைவி கோர்ட், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்தார். எங்கே வைத்திருக்கிறோம் என்றுகூட ஒருவனும் சொல்லவில்லை. அவருடைய ஸ்கூட்டர் எங்கள் ஸ்டாண்டில் நின்றது. சீட்டெல்லாம் புறா எச்சம். அதைத் துடைக்க எல்லாருக்கும் பயம். துடைப்பது யார் என்று பார்க்க ஆள் இருந்தால்?

காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றுபோனது. காயம் படுவது நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் டாக்டர் நவநீதம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களில் சின்னவள், வாய்த்துடுக்கு, நல்ல சர்ஜன். கையில் டிபன் பாக்ஸ், திறக்கவில்லை.

"பேச்சி சார், ஐஸ் பிளான்ட் வரைக்கும் வரணும்."

"எதுக்கு? மீன் வாங்கவா?"

"ஒருத்தருக்கு வயித்துல குண்டு. முழிச்சிருக்கையில என்னால திறக்க முடியாது."

எனக்கு உடம்பு குப்பென்று வியர்த்தது. "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? ஜோசுவா ஸ்கூட்டரப் பாத்தியா இல்லையா?"

"தினமும் பாக்கேன் சார். அதுக்குப் பக்கத்துலதான் என் வண்டிய நிறுத்துதேன்."

"என்னை விட்டுரு. எனக்குப் பொண்டாட்டி இருக்கா, பிரஷர் இருக்கு."

"உங்களுக்கு என்ன சார் பயம்? மயக்க மருந்து வடு விடாது. கைஜோசியருக்கு உங்களத் தெரியவே தெரியாது." டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். "பயப்பட வேண்டியது நான் மட்டும்தான்."

அவள் சொன்னது சரி. அதனால்தான் எரிச்சல் எரிச்சலாக வந்தது. போனேன்.

கூட்டிப்போனவர் ஆட்டோ ராயப்பன். ஐம்பது தாண்டிய மனிதர், எந்நேரமும் வெற்றிலை. காயம்பட்டவர்களை மீன் கூடைக்கு அடியில் படுக்கவைத்து செக்போஸ்ட்டைத் தாண்டுவார். அந்த நாற்றத்தில் எந்தப் போலீஸும் குனிந்து பார்க்க மாட்டான் என்று பெருமையாகச் சொல்வார். ஐஸ் பிளான்ட்டின் உள்ளறையில் ஒரு மீன் வெட்டும் மேஜை. அதில் ஆள். நான் தூங்க வைத்தேன். நவநீதம் குண்டை எடுத்தாள். மூட வேண்டிய நேரத்தில் அவள் கை ஊசியோடு அப்படியே நின்றது.

"நான் தைச்சா என் பேரு இவர் வயித்துல இருக்கும் சார். இவர் சாவுற வரைக்கும்."

தோல் ஒட்டும் பசை, பின் அடிக்கும் கருவி எல்லாவற்றையும் அரசாங்கம் எண்ணிப் பூட்டி வைத்திருந்தது. மிச்சமிருந்தது ஊசியும் நூலும்தான். அன்றைக்குத் தன் கையாலேயே தைத்தாள்.  திரும்பும் வழியில் ஆட்டோவை விட்டு இறங்குமுன் சொன்னாள்.

"பிரகாசி அக்கா கையால தைச்சா என்ன?"

"அவ நியூசிலாந்துல இருக்கா."

"அதான் சார். யாராலயும் தொட முடியாது. அவங்க தைச்ச வீடியோ எல்லாம் நம்ம டிரெய்னிங் ரூம்ல கிடக்கு. நான் வலது கைக்காரி. என் இடது கைக்குன்னு ஒரு பழக்கமும் கிடையாது. எதச் சொல்லிக் குடுத்தாலும் அதையே படிச்சிக்கும். கைஜோசியர் மூஞ்சியப் பாக்கறதில்ல, பழக்கத்தப் பாக்குது. அவங்க பழக்கம் என் இடது கைக்கு வந்துட்டா, அது அவங்க பேரைத்தான் சொல்லும்."

நல்ல யோசனை. எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தர் உடம்பைத் தொடுமுன் சம்மதம் வாங்குவது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். "அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அவ கைய அவளுக்கே தெரியாம எடுக்கோம்."

"எப்படிக் கேக்க? போன்ல கேட்டா அதையும் எவனோ கேப்பான்."

போனை ஒட்டுக்கேட்பது ஊருக்கே தெரியும். மனசு மட்டும் ஒப்பவில்லை.

பயிற்சி தியேட்டரிலேயே நடந்தது, கேஸ்களுக்கு நடுவில். நவநீதமும் இன்னும் இரண்டு சர்ஜன்களும். அவர்களும் ராயப்பன் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஜன்னத் தினமும் தோலோடு கோழித்தொடை வாங்கி வருவார். "கறிக்கடைக்காரன் கேக்கான் சார், தினமும் என்னக்கா விருந்துன்னு. மகளுக்கு வரன் பாக்கோம்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு மாப்பிள்ளை யாருன்னு கேப்பான்" என்று புலம்பிக்கொண்டே கத்தியை எடுப்பார்.

என் வேலை பார்த்துச் சொல்வது. வீடியோவில் தெரியாததும் எனக்குத் தெரியுமே. "அவ இவ்வளவு இறுக்க மாட்டா. விளிம்புல இருந்து ஒரு அரிசி தள்ளிக் குத்துவா. குலுக்கல் எங்கம்மா? அந்தக் குலுக்கல்லதான் நூல் படியும்." ஒரு மாதம் கத்தித் தீர்த்தேன்.

நவநீதத்துக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார், பாப்போம்!"

"நான் மயக்க டாக்டர். எனக்கு ஊசி போடத்தான் தெரியும், தைக்கத் தெரியாது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலையணை உறை கிழிந்திருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இதென்ன கூத்து? எதுக்கு இடது கையால? கையை இப்படிக் குலுக்குறீங்க, நரம்புக் கோளாறா?" என்றாள். "சும்மா" என்றேன். வீட்டிலிருந்த எல்லாத் தலையணை உறையையும் அவிழ்த்து அவிழ்த்துத் தைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

யோசனை பலித்தது. பயப்படும் அளவுக்குப் பலித்தது. செக்போஸ்ட்டில் ஒவ்வொரு புது வடுவிலும் கைஜோசியர் ஒரே பெயரைச் சொன்னது: பிரகாசி பர்னாந்து, பிரகாசி பர்னாந்து. பயிற்சிக்கு முன்னால் நவநீதமும் மற்ற இருவரும் தங்கள் கையாலேயே தைத்திருந்தவர்களை ராயப்பன் தோணியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிட்டார்.

விசாரிக்க வந்தவர் வில்வநாதன் என்ற அதிகாரி. குரலை உயர்த்தாத மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, "பிரகாசி எப்படிப்பட்டவங்க?" என்று எல்லாரிடமும் கேட்டார். அவள் கடல் வழியாகக் கள்ளத்தனமாக ஊருக்குள் வந்துவிட்டாள் என்பது அவர்கள் முடிவு. கடற்கரைத் தெருவில் வீடு வீடாகப் புகுந்தார்கள். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்தார்கள். தேடத் தேட ஊர் நம்ப ஆரம்பித்தது. மாதா கோயில் சுவரில் யாரோ சாக்பீஸால் அவள் பெயரை எழுதினார்கள். "எங்க கொழுந்தனுக்கு அவங்கதான் தைச்சாங்க, கண்ணால பாத்தேன்" என்று தண்ணீர் வரிசையில் ஒருத்தி சொல்ல நானே கேட்டேன்.

எங்களுக்கு வேறு பயம். நியூசிலாந்தில் இருக்கும் அவள் ஒரு வீடியோவில் முகத்தைக் காட்டி, "நான் இங்கேதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும், எங்கள் கதை கந்தல். செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. பத்திரிகைக்காரர்கள் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைக் கேட்டார்கள். அவள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டாள், எங்கே போனாள் என்று தெரியவில்லை என்று பதில் வந்தது.

அதைப் படித்துவிட்டு ஜன்னத் பேப்பரை மடித்தார். "புரிஞ்சிக்கிட்டாவ சார். நமக்காக ஒளிஞ்சிக்கிட்டாவ."

கேட்காமல் எடுத்தோம். கேட்காமலே கொடுத்துவிட்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வில்வநாதன் அவசரப்படவில்லை. பிரகாசியின் அப்பா செபஸ்தியானைக் கூட்டிக்கொண்டு போனார். எழுபத்தைந்து வயது, மூச்சிரைப்பு. மகள் வரும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று பேட்டி கொடுத்தார். ஜோசுவாவையும் அப்படித்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பிரகாசி வந்துவிட்டாள். எந்த வழியாக வந்தாள் என்று யாருக்கும் தெரியாது; நேராகப் போலீஸிடம் போய், "நான்தான் தைச்சேன். அப்பாவை விடுங்க" என்றாளாம்.

அவளை எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மீட்டிங் ஹாலில் எல்லா டாக்டர்களையும் நர்ஸுகளையும் நிறுத்தியிருந்தார்கள். நடுவில் மேஜை, ரப்பர் தோல், ஊசி, நூல், கைஜோசியர். காமிராக்காரர்கள் வேறு. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தலைமுடி நரைத்து வந்து நின்றாள். எங்களைப் பார்த்தாள். ஒருவரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"தைங்க டாக்டர்," என்றார் வில்வநாதன். "ஊர் முழுக்கத் தைச்ச கை. நாலு தையல் போதும்."

இடது கையில் எடுத்தாள். முதல் குத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.  ஊசி தடுமாறியது. குலுக்கல் இல்லை. நூல் ஒரு இடத்தில் தொங்கியது, ஒரு இடத்தில் ரப்பரை அறுத்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நான்காவது தையலையும் போட்டாள்.

நீல வெளிச்சம் நகர்ந்தது. பெண் குரலில் மிஷின் சொன்னது: "பொருத்தம் இல்லை."

ஹாலில் யாரோ இருமினார்கள். வில்வநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க என்ன வேலை பாத்தீங்க டாக்டர்?"

அவள் குனிந்தபடி சொன்னாள். "அங்க யாரும் கையால தைக்கிறதில்லை. ரோபோ தைக்கும். ஆறு வருஷமா நான் திரையைத்தான் பாத்தேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்து, "இல்லை, கை நடுங்குது, தூக்கமில்லை. இன்னொரு தடவை குடுங்க" என்று கெஞ்சினாள். எங்களைக் காப்பாற்ற வந்த பெண், வந்ததாலேயே எங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம்மா," என்றார் அவர், அதே குரலில். "அப்ப உங்க கையை வேற யாரோ வச்சிருக்காங்க." எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் ஒருத்தர் ஒருத்தரா வாங்க. இடது கையால தைங்க. வேணும்னே தப்பாத் தைக்கலாம்னு நினைக்காதீங்க. பழகின கை நடிச்சா அதையும் இது கண்டுபிடிக்கும். டாக்டர் நவநீதம், நீங்க முதல்ல."

நவநீதம் ஓரடி எடுத்து வைத்தாள். அந்த வாயாடிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற ஜன்னத்தின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

அப்போது வில்வநாதன் என்னைப் பார்த்தார். "ஒரு நிமிஷம். டாக்டர் பேச்சிமுத்து, நீங்க இப்படி உக்காருங்க. நீங்க தைக்கிறவர் இல்லை. ஆனா இவங்க எல்லார் கையையும் இருபது வருஷமாப் பாத்தவர். மிஷின் ஏமாந்தாலும் நீங்க ஏமாற மாட்டீங்க. உதவி பண்ணுங்க."

அந்த ஊரில் என் பெயரைச் சரியாகச் சொல்லி, என் வேலையையும் சரியாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்!

"உதவி பண்ணுதேன்" என்றேன். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.   இடது கையில் ஊசியை எடுத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றார்.

"உதவிதான்."

என்னை நோக்கி இழுத்தேன். ஒரு அரிசி தள்ளி. மணிக்கட்டை ஒரு குலுக்கு. மூன்றாவது முடிச்சு எதிர்ப்பக்கம். நான்கு தையல். எனக்கென்று ஒரு கை இருந்ததே இல்லை. அதனால் அவளுடையது எந்த இடைஞ்சலும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது போலும். நானே கைஜோசியரை எடுத்து மேலே வைத்தேன்.

"டாக்டர் பிரகாசி பர்னாந்து. பொருத்தம் உறுதி."

 பிரகாசி வாயைப் பொத்திக்கொண்டு அந்தத் தையலையே பார்த்தாள். நவநீதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜன்னத் அவள் கையைப் பிடித்து நெரித்ததைப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் நீங்களா தைச்சீங்க?" வில்வநாதனுக்கு முதல் தடவையாகக் குரல் ஏறியது. "ஒரு ஆளா? யாருக்கும் தெரியாமயா?"

"மயக்க டாக்டர யாரு சார் பாக்கா?" என்றேன்.

அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காமிராக்களுக்கு முன்னால் ஒரு கை கிடைத்துவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு அது போதும். அப்பாவையும் மகளையும் விட்டார்கள். என் மனைவி தலையணை உறைகளையெல்லாம் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாளாம். அவளுக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை.

இங்கே ஜெயிலில் எனக்கு மரியாதைதான். கைராசிக்காரர் என்று பெயர். ஜெயில் ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து வர எந்த டாக்டரும் துணிவதில்லை. ஒரு மேஜையையும் கொஞ்சம் நூலையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். வாழ்நாளில் கோழித்தொடைகூடத் தைக்காதவன் வார்டர் மண்டையைத் தைக்கிறேன். மரத்துப்போகும் ஊசிக்குக் கைதிகளுக்கு அனுமதி கிடையாது. யார் யார் கத்தலோ எல்லாம் காதில் கிடக்கிறது.

போன வாரம் புதிதாக ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் ராயப்பன் இருந்தார். இந்த முறை மீன் கூடையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார். வெற்றிலை இல்லாத வாய் வெறிச்சென்று இருந்தது. தோளிலிருந்து முழங்கை வரை கட்டு.

கட்டைப் பிரித்தேன். நான்கைந்து நாள் தையல். ஒரு அரிசி தள்ளி, எதிர்ப்பக்க முடிச்சு. நவநீதம் இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே வந்த பிறகும் நிறுத்தவில்லை. மூதேவி, நிறுத்தவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி பயம் வந்தது.

வாசலில் நின்ற வார்டர் சொன்னார். "சீக்கிரம் முடிங்க டாக்டர். புதுசா வந்தவங்களப் பரிசோதிக்க நாளைக்கு அந்த மிஷின் வருது."

நான் உள்ளே இருக்கையில் வெளியே போடப்பட்ட இந்தத் தையலை அது பிரகாசியின் கை என்று படித்தால் நான் பொய்யன். மறுபடியும் அந்த ஹால், அந்த வரிசை, நவநீதம் முதல் ஆள்.

"சீழ் பிடிச்சிருக்கு" என்று வார்டர் காதுபடச் சொன்னேன். "பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கணும்." குனிந்து ராயப்பனிடம் மெதுவாகச் சொன்னேன். "நூலை மட்டும் பிரிச்சாப் பத்தாது. ஊசி போன வழி உள்ள இருக்கும். ரெண்டு விளிம்பையும் சீவி எடுக்கணும். மேலயிருந்து கீழ வரைக்கும். அப்புறம் நான் இங்க தைச்சது மட்டும்தான் இருக்கும்."

அவருக்குப் புரிந்தது. அந்த டாக்டரம்மாவை அவர்தானே தினமும் ஏற்றி இறக்கியவர். "மயக்கம் குடுப்பீங்கள்ல சார்?"

"இங்க இல்ல ராயப்பா. ஒண்ணுமே இல்ல."  "சம்மதமான்னு நீங்க சொல்லணும். சொல்லாம நான் தொட மாட்டேன்."

அவர் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

வெளியே இருந்த இருபது வருடத்தில் என் கையில் வந்த யாரும் வலியை அறிந்ததில்லை. அதுதான் என் தொழில். பிளேடை எடுத்தேன். அவர் கண்ணை மூடவில்லை. முதலிலிருந்து கடைசி முடிச்சு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் மறக்க மாட்டார்.